கரைவலையில் பட்ட எழுத்துகள்

சிங்காரவேலு படகு காணாமப் போன முப்பதாம் நாள் காலையில, எங்க கோடியந்துறை கரைவலையில மீன் படல, எழுத்து பட்டுச்சு. யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லல, வலையோட மடியைப் பிரிச்சவளே நான்தான். இந்தப் பக்கம் இருபது பேரு அந்தப் பக்கம் இருபது பேரு வடத்தைப் புடிச்சு ஏலேலோ ஐலசான்னு இழுத்து இழுத்துக் கை காந்தி, மடியோட கனத்தைப் பாத்துட்டு 'மத்திதான்டா, நெறைய மத்திதான்டா'ன்னு ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் சிரிச்சுக் கரையேத்திப் பிரிச்சா, உள்ளே கருகருன்னு எழுத்து. ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், கணவாய் மீன் மாதிரி கொழகொழன்னு, தொட்டா விரல்ல மை ஒட்டுது, தண்ணியில விட்டா லேசா மூச்சு விடுது. தமிழ் எழுத்தும் இல்ல, இங்கிலீசும் இல்ல. குச்சி குச்சியா இருக்கு, சிலது கூரை போட்ட வீடாட்டம், சிலது காலைப் பரப்பிக்கிட்டு நிக்கிற ஆளாட்டம்.

ஊரே அலறியடிச்சு ஓடியிருக்கும்னு நீங்க நினைப்பீங்க. அட போங்க. கடலை நம்பிப் பொழைக்கிறவனுக்கு வலையில வந்தது எதுவா இருந்தாலும் அது பாடு, அன்னிக்குக் கிடைச்சது. ஒரு வருஷம் நாற்காலி பட்டுச்சு, ஒரு வருஷம் பாதி யானைத் தந்தம் பட்டுச்சு, ஒரு வருஷம் ஒண்ணுமே படாம வெறும் குளிர் மட்டும் மடியில வந்து உக்காந்துச்சு, அதையும் பிரிச்சு எடுத்துக்கிட்டோம். பாடுன்னு வந்தா கூறு போடணும். கூறு போடுறவ நான். பேரு காத்தாயி. சுத்துப்பட்டு ஊர் எதுலயும் பொம்பளை கூறு போடுறது கிடையாது, எங்க ஊர்ல மட்டும் உண்டு. எனக்குப் புருஷனும் இல்ல புள்ளையும் இல்ல, அதனால எவனுக்கும் ஓரவஞ்சனை பண்ண மாட்டேன்னு இருபத்திரண்டு வருஷமா ஊருக்கு ஒரு நம்பிக்கை.

கூறு போடுறது எப்படின்னா, மணல்ல சின்னச் சின்னக் குவியலா வச்சுடுவாங்க. நான் குவியலைப் பாக்காம கடலைப் பாத்து நிப்பேன். பின்னாலேருந்து ஒருத்தன் குச்சியால ஒரு குவியலைத் தொட்டு 'இது யாருக்கு?'ம்பான், நான் வாய்க்கு வந்த வீட்டுப் பேரைச் சொல்லுவேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. அன்னிக்கு எண்ணிப் பாத்தா எழுத்து எண்பத்தேழு, எங்க ஊர்ல தலைக்கட்டும் எண்பத்தேழு. நமக்குன்னே கடலு எண்ணி அனுப்பியிருக்குன்னு எல்லாருக்கும் ஒரே சந்தோசம். ஒரு வாசகமா, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையா வந்ததை நாங்க வீட்டுக்கு ஒண்ணாப் பிச்சுக் குடுத்துட்டோம். வாசகத்தை எந்த ஊர்லயாவது கூறு போடுவாங்களா? நாங்க போட்டோம். என் வாயாலதான் போட்டேன்.

எண்பத்தேழுல ஒண்ணு சிங்காரவேலு வீட்டுக்கும் போச்சு. கடலுக்குப் போயி வராதவனுக்கு எங்க ஊர்ல நாப்பது நாள் கணக்கு. நாப்பது நாளும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போயிடும். நாப்பத்தோராம் நாள் காலையில கோரைப்புல்லுல ஒரு ஆளு கட்டி, அவன் சட்டையைப் போட்டு, கரையில கொளுத்தி, பொண்டாட்டி தாலியை இறக்கிடுவாங்க. சிங்காரவேலு கூடப் போன ரெண்டு பேரு வீட்டுலயும் அழுது முடிச்சு, சரின்னு ஒத்துக்கிட்டாங்க. தையல்நாயகி மட்டும் ஒத்துக்கல. சிங்காரவேலு பொண்டாட்டி அவ, எனக்கு அடுத்த வீடு. முப்பது நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, ஒரு வாய் முழுசாச் சோறு திங்கல, கண்ணை மூடித் தூங்கல. விடிஞ்சா கரைக்குப் போயி நிப்பா, இருட்டினா வருவா. 'போயிட்டான்'னு எவளாவது வாயெடுத்தா அடுப்புக்கட்டையைத் தூக்கிக்கிட்டு வருவா. எனக்கு அவளைப் பாத்தா பயமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு.

மூணே நாள்ல எழுத்துங்க ஊரோட ஒட்டிக்கிச்சு. செம்பாயி வீட்டுல எழுத்தைத் தொட்டிலுக்கு மேல கட்டினா, புள்ளை சிணுங்காமத் தூங்குச்சு. வேதாம்பாள் அவ எழுத்தைக் குடத்துல போட்டு வச்சு, அந்தத் தண்ணியைப் பல்வலிக்கும் இடுப்புவலிக்கும் தெரு பூரா குடுத்தா. குப்புராசு நாட்டாரு, அவருதான் ஊருக்குத் தலைவரு, அவரு பங்கைப் பஞ்சாயத்து நாற்காலி முதுகுல ஒட்டிக்கிட்டு உக்காந்தாரு, முன்னைவிட மிடுக்கா. அச்சுல வார்த்த மாதிரி ஒரே எழுத்து ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தா அந்த ரெண்டு வீடும் பங்காளின்னு ஆகிப்போச்சு, அதனால ஒரு கல்யாணமே நின்னுச்சு, பரிசம் போட்ட பொண்ணு 'இனிமே அவரு எனக்கு அண்ணன்'னு சொல்லி ஒரு மூச்சு அழுதுட்டு நண்டு வாங்கப் போயிட்டா. எட்டியப்பன்னு ஒரு பெருந்தீனிக்காரன், கணவாய்னு நினைச்சு மொளகு போட்டு வறுத்துத் தின்னே புட்டான். அதுலேருந்து அவனுக்கு வேர்வை கறுப்பா வந்துச்சு, வலது கை ஆள்காட்டி விரல் சோத்துத் தட்டுலயும் மணல்லயும் பொண்டாட்டி முதுகுலயும் என்னத்தையோ கிறுக்கிக்கிட்டே கிடந்துச்சு. 'கையைக் கட்டி வைங்க, கூசுது'ன்னு அவ சண்டை போட்டா. அதுவும் பழகிப்போச்சு.

முப்பத்திமூணாம் நாள் தையல் அவ பங்கை ஈயச்சட்டியில தண்ணி ஊத்தி வச்சு என்கிட்ட தூக்கிக்கிட்டு வந்தா.

"அக்கா, இது நாகப்பட்டினத்துல ஊ டாக்டர் போர்டுல இருக்கிற எழுத்தாட்டமே இல்ல?"

"இருந்தா என்னா?"

"வா, போவோம்."

ஹூங்கிறது அந்தப் பல் டாக்டர் பேரு. எங்க வாயில ஊ டாக்டர். அவரு தாத்தா சீனாவுலேருந்து பர்மா வந்து, பர்மாவுலேருந்து நடந்தே இங்க வந்து, சந்தையில பல்லு புடுங்கிப் பொழைச்சவராம். டாக்டரு இங்கேயே பொறந்து வளந்து வத்தக்குழம்புக்கு அப்பளம் இல்லேன்னா கோவிச்சுக்கிற ஆளு. சட்டியை எட்டிப் பாத்ததும் அவரு முகம் மாறிப்போச்சு.

"எங்கப்பா அடிச்சு அடிச்சுச் சொல்லிக்குடுத்தாரும்மா. பாதி மறந்துபோச்சு. ஆனா இது தெரியும். ஃபூ. ஃபூன்னா புருஷன்."

தையல் தரையில அப்படியே உக்காந்துட்டா. "புருஷன்னா?"

"புருஷன்தாம்மா. கட்டினவன்."

"என் வீட்டுக்கு வந்துச்சு டாக்டரே. எண்பத்தேழுல எனக்குன்னு இது வந்துச்சு."

டாக்டரு பயந்துட்டாரு. தனக்குச் சரியாத் தெரியாது, தெரு கோடியில தகரக் கொட்டகையில ஒரு ஜப்பான் சாமியம்மா இருக்கு, மொட்டை அடிச்சுக்கிட்டு விடியக்காலையில மேளம் தட்டிக்கிட்டுப் போகுமே, அதுக்கு நல்லாத் தெரியும்னாரு. ஆனா தான் கூட வர மாட்டேன்னுட்டாரு. அந்தக் காலத்துல ரெண்டு நாட்டுக்கும் பெரிய சண்டையாம், டாக்டரோட சொந்தத்துல பாதிப் பேரு அதுல செத்தாங்களாம், அதனால ஆறு வருஷமா ஒரே தெருவுல எதிரெதிரே வந்தாலும் முகம் பாத்ததில்லையாம். நாங்க மட்டும் போனோம். சாமியம்மா பேரு மியோஷின். சட்டியை வாங்கி நெத்தியில வச்சுக் கும்பிட்டுட்டு, "ஒட்டோ" ன்னுச்சு.

"ஃபூ இல்லையாம்மா?" ன்னேன்.

"ஃபூன்னும் சொல்லலாம். எங்க ஊர்ல ஒட்டோ. சத்தம் வேற. எழுத்து ஒண்ணு. புருஷன்."

வர்ற வழியில தையலு ஓட்டமா ஓடினா. நேரா அவ புருஷன் கூடப் போன அஞ்சப்பன் வீட்டுக்குப் போயி, அவன் ஆத்தா கிழவிகிட்ட கெஞ்சி அவங்க பங்கை வாங்கிக்கிட்டுத் திரும்ப நாகப்பட்டினம் போனா. டாக்டரு 'ச்சுவான்'னாரு, சாமியம்மா 'ஃபுனே'ன்னுச்சு, ரெண்டு பேரும் படகுன்னாங்க. புருஷன், படகு. அதுக்கப்புறம் அவளை யாரால புடிக்க முடியும்? கடலுக்குள்ள எங்கேயோ கரையேறி என் புருஷன் சேதி அனுப்பியிருக்காரு, எந்தத் தீவுல எவன் எழுதிக் குடுத்தானோ, எண்பத்தேழையும் சேத்தா எங்கே இருக்காருன்னு தெரிஞ்சுடும், நாப்பத்தோராம் நாளுக்குள்ள தெரிஞ்சாகணும், இல்லேன்னா உசுரோட இருக்கிற மனுஷனைக் கொளுத்திப்புடுவீங்கன்னு தெருவுல நின்னு கத்தினா.

குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. வாசல்ல நின்னா, படியில உக்காந்தா, கால்ல விழுந்தா. நல்ல மனசுக்காரங்க இருபது பேரு குடுத்தாங்க. மத்தவங்க குடுக்கல. புள்ளை தூங்கணுமேன்னா செம்பாயி. ஊருக்கே வைத்தியம் பாக்குறேன்னா வேதாம்பாள். புதுசாப் பங்காளியானவங்க, எழுத்தைக் குடுத்துட்டா உறவு விட்டுப்போகும்னு ரெண்டு வீட்டுக் கதவையும் சாத்திக்கிட்டாங்க. நாட்டாரு நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

"கூறு போட்டது போட்டதுதான் தாயி. இன்னிக்கு எழுத்தைத் திருப்பிக் கேப்ப, நாளைக்கு ஒருத்தன் மீனைத் திருப்பிக் கேப்பான்."

"மாமா, அவரு உங்க படகுல ஏழு வருஷம் வந்தவரு மாமா."

"எனக்கு மட்டும் வலிக்கலியா? ஊர்க்கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல."

முப்பத்தேழாம் நாள் சாயங்காலம் அவ என் வாசல்ல வந்து விழுந்தா. உதடு வெடிச்சுக் கிடந்துச்சு. காலி வயித்துல நடந்து நடந்து முட்டி ரெண்டும் வீங்கியிருந்துச்சு.

"அக்கா, நீதானே கூறு போட்ட."

"ஆமாண்டி."

"உன் வாய்தானே."

ஊர்க்கட்டுல ஒரு வழி உண்டு, எனக்கும் தெரியும், நாட்டாருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. கூறு போட்டவளே கரையில நின்னு 'என் கூறு தப்பு'ன்னு மூணு தடவை சொன்னா, போட்ட கூறு அத்தனையும் கலைஞ்சுடும், எல்லாரும் கொண்டாந்து கொட்டித்தான் ஆகணும். ஆனா சொன்னவ அதுக்கப்புறம் செத்தாலும் கூறு போட முடியாது. ஊருக்குள்ள எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். கல்யாணம் காட்சின்னா என்னை முன்னாடி விட மாட்டாங்க, கரையில மட்டும் நாட்டாரே நான் வாய் திறக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாரு. அதை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல, ஒளிக்காமச் சொல்றேன். அன்னிக்கு அவளைக் கஞ்சி குடிக்கச் சொல்லிட்டு உள்ளே போயிட்டேன். அவ குடிக்காம அங்கேயே கிடந்தா. விடிஞ்சு கதவைத் திறந்தா கஞ்சியில எறும்பு மொய்க்குது, அவ கண்ணைத் திறந்தபடியே என் கதவைப் பாத்துக்கிட்டிருக்கா.

நேரா கரைக்குப் போனேன். "என் கூறு தப்பு. என் கூறு தப்பு. என் கூறு தப்பு" ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வலை பின்னிக்கிட்டிருந்தவனெல்லாம் கையை நிறுத்திட்டான். நாட்டாரு ஓடியாந்து, "காத்தாயி, யோசிச்சுத்தான் சொல்றியா?" ன்னாரு.

"யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். கொண்டாந்து கொட்டச் சொல்லுங்க."

கொட்டினாங்க. திட்டிக்கிட்டே கொட்டினாங்க. செம்பாயி புள்ளை வீல்னு கத்த ஆரம்பிச்சது, அது ஓய நாலு நாளாச்சு. நாட்டாரு நாற்காலியிலேருந்து அவரு எழுத்து உரிஞ்சு வரும்போது முதுகுத்தோல் உரிஞ்ச மாதிரி முகத்தைச் சுளிச்சாரு. எண்பத்தாறு எழுத்து மணல்ல சேந்துச்சு. ஒண்ணு எட்டியப்பன் வயித்துல.

தையல் நாகப்பட்டினம் போயி டாக்டரு கையை ஒரு கையிலயும் சாமியம்மா கையை ஒரு கையிலயும் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே வந்தாங்க. மூணு நாள் கரையில உக்காந்தாங்க. வரிசை தெரியாதுல்ல, ஒவ்வொண்ணா நகத்தி நகத்தி, இதுக்குப் பின்னால இதுதான் வரும், இல்ல அதுதான் வரும்னு பாக்கணும். அவரு ஒரு சத்தத்துல வாசிப்பாரு, அந்தம்மா வேற சத்தத்துல வாசிக்கும். முதல் நாள் எங்க சனத்துக்குச் சந்தேகம் வந்துடுச்சு. 'ஒரே எழுத்தை ஒருத்தரு ஒரு மாதிரி படிக்கிறாரு, இன்னொருத்தரு வேற மாதிரி படிக்கிறாரு, ரெண்டு பேருல எவரோ கதை விடுறாங்க'ன்னு முணுமுணுத்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேச்சை விட்டுட்டு மணல்ல விரலால எழுதிக் காட்டிக்க ஆரம்பிச்சாங்க. இவரு ஒண்ணு எழுதுவாரு, அந்தம்மா தலையை ஆட்டிட்டு அதுக்குக் கீழே ஒண்ணு எழுதும், இவரு 'அட ஆமா'ன்னு தமிழ்ல சொல்லுவாரு. வாயால ஆறு வருஷமாப் பேசாததை விரலால பேசித் தீத்துக்கிட்டாங்க. ரெண்டாம் நாள் மத்தியானம் டாக்டரு தன் டப்பாவிலேருந்து தயிர்சாதத்தைப் பிரிச்சு அந்தம்மாவுக்கு வச்சாரு.

முதல்ல ரெண்டு எழுத்து ஜோடி சேந்துச்சு. டாக்டரு "நாமோ" ன்னாரு, சாமியம்மா "நமு" ன்னுச்சு. எங்க பூசாரி துள்ளி எழுந்துட்டாரு. "நமோங்கிறாங்கடா! நம்ம வார்த்தைடா!"

"உங்க வார்த்தைதான்" னுச்சு சாமியம்மா. "இந்தப் பக்கத்துலேருந்து போனது. புத்தரோட போனது. எங்களுக்கு அர்த்தம் தெரியாது, சத்தத்தை மட்டும் எழுத்துல புடிச்சு வச்சுக்கிட்டோம். கும்பிடுறேன்னு அர்த்தம்."

அடுத்த ஜோடி, டாக்டருக்கு குவான்யின், அந்தம்மாவுக்கு கன்னோன். ரெண்டு பேருக்கும் அது ஒரே தெய்வம்.

"அது என்னா சாமி?" ன்னாரு நாட்டாரு.

"அழுகுரலைப் பாக்கிறவ" ன்னாரு டாக்டரு.

"கேக்கிறவளா?"

"இல்லய்யா. அழுகுரலைக் கண்ணால பாக்கிறவ. எழுத்துல அப்படித்தான் இருக்கு. எங்கப்பா தெனம் வெளக்கேத்துவாரு."

அதுக்கும் பின்னால, அவருக்கு குஹாய், அந்தம்மாவுக்கு குகாய். துக்கக்கடல்னு அர்த்தமாம், புத்தர் சனங்க இந்த உலகத்தையே அப்படித்தான் சொல்லுவாங்களாம். 'கடல்னாலே துக்கந்தானே, இதுக்கு ரெண்டு எழுத்து வேறயா'ன்னு ஒரு கிழவன் காறித் துப்பிட்டுப் போனான். தையலு சோறு தண்ணி இல்லாம அந்த ரெண்டு பேரு விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. 'எந்த இடம்னு வந்துச்சா? ஊர் பேரு வந்துச்சா?' ன்னு நாழிக்கொரு தடவை கேப்பா. 'இன்னும் வரலம்மா'ம்பாங்க. நாப்பதாம் நாள் பொழுது சாயும்போது ரெண்டு பேரும் வேலையை நிறுத்திட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்னமோ தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. 'ஒரு எழுத்து குறையுது, காலையில பாப்போம்'னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டாங்க.

நாப்பத்தோராம் நாள் வந்துச்சு. ஒரு பக்கம் கோரைப்புல் ஆளு ரெடி, சிங்காரவேலு நீலச்சட்டை போட்டு. பொம்பளைங்க தாம்பாளத்தோட ஒதுங்கி நிக்கிறாங்க. இன்னொரு பக்கம் மணல்ல எழுத்து வரிசை, மேலேருந்து கீழே, மேலேருந்து கீழே. தையலு நடுவுல நிக்கிறா.

"படிங்க" ன்னா.

டாக்டரு ஒரு வரி படிக்க, சாமியம்மா அடுத்த வரி படிக்க, தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க. "அழுகுரலைப் பாக்கிறவளே, கும்பிடுறேன். இரக்கமுள்ளவளே, துக்கக்கடலுக்கு மேல நிக்கிறவளே. என் புருஷன் படகு ஒன்பதாம் மாசம் புயல்ல போச்சு. படகுல ஏழு பேரு. கரையில நிக்கிறேன். சோறு இறங்கல. தூக்கம் வரல. கேக்காத ஆளு இல்ல. ஒருத்தரும் பாக்கலங்கிறாங்க. உசுரோட இருந்தா அவரைத் திருப்பிக் குடு. உசுரோட இல்லேன்னா..."

டாக்டரு நிறுத்திட்டாரு. அங்கதான் ஓட்டை.

புரிய ஒரு நிமிஷம் ஆச்சு எங்களுக்கு. சிங்காரவேலு அனுப்பின சேதி இல்ல அது. எங்கேயோ ஒருத்தி, இவளை மாதிரியே ஒருத்தி, காகிதத்துல எழுதித் தண்ணியில விட்டது. பதிலைத் தேடி எண்பத்தாறு வீட்டுக் காலுல விழுந்தவளுக்குக் கிடைச்சது, அவ கேட்ட அதே கேள்வி. அடி பாவி கடலே, இதுக்கா இவ்வளவு பாடுன்னு வாய்விட்டுத் திட்டினேன்.

"எந்த நாட்டுக்காரி?" ன்னு நாட்டாரு கேட்டாரு.

"தெரியல" ன்னாரு டாக்டரு. "வாயால சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். எழுத்துல எங்க ஊர்க்காரியாவும் இருக்கலாம், இவங்க ஊர்க்காரியாவும் இருக்கலாம்."

"போன வருஷமும் எழுதியிருக்கலாம்" னுச்சு சாமியம்மா. "நானூறு வருஷத்துக்கு முன்னாடியும் எழுதியிருக்கலாம்."

அப்ப கூட்டத்தை விலக்கிக்கிட்டு எட்டியப்பன் வந்தான். அவன் வரல, அவன் விரல் அவனை இழுத்துக்கிட்டு வந்துச்சு. ஓட்டை இருந்த இடத்துல முட்டி போட்டு உக்காந்து, கறுப்பா வேர்த்துக்கிட்டே, மணல்ல ஒரு எழுத்தைப் போட்டான். போட்டு முடிச்சதும் கை ஓஞ்சுபோச்சு, வேர்வை வெள்ளையாச்சு. அவன் பொண்டாட்டி அங்கேயே அவனைக் கட்டிக்கிட்டா.

டாக்டரும் சாமியம்மாவும் அதைப் பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்க, இந்தத் தடவை ரெண்டு சத்தமும் தமிழ்தான். "சொல்லிடு."

உசுரோட இல்லேன்னா, சொல்லிடு.

தையலு அந்த எழுத்துக்கு முன்னால வந்து நின்னா. அலை வந்து அவ காலை நனைச்சிட்டுப் போச்சு. அப்புறம் சாமியம்மா பக்கம் திரும்பினா.

"பதில் எழுத முடியுமாம்மா? இதே எழுத்தை வச்சு?"

சாமியம்மா டாக்டரைப் பாத்துச்சு. அவரு மணல்ல கிடந்த எழுத்துங்களை மனசுக்குள்ள எண்ணிப் பாத்துட்டு, "முடியும்" ன்னாரு.

"போயிட்டாங்கன்னு எழுதுங்க."

நாட்டாரு பதறிட்டாரு. "என்னா புள்ள சொல்ற? உனக்கெப்படித் தெரியும்? பாவம் இல்லையா?"

"எது பாவம் மாமா? சொல்லிடுங்கிறாளே. எத்தனை வாசல்ல நின்னிருப்பா. எத்தனை பேரு பாக்கலம்மான்னு கதவைச் சாத்தியிருப்பாங்க." அவ குரல் கிறீச்சுன்னு ஏறிடுச்சு. "எழுதுங்கய்யா. ஏழு பேரும் போயிட்டாங்க, உன் புருஷனும் போயிட்டான், நான் பாத்தேன்னு எழுதுங்க. இனிமே கரைக்கு வராத, போயிச் சோறு தின்னு, படுத்துத் தூங்குன்னு எழுதுங்க. ஒருத்தியாவது தூங்கட்டும்."

எழுதினாங்க. சாமியம்மா கன்னமெல்லாம் தண்ணி. எண்பத்தாறுல வேணுங்கிறதை எடுத்து வரிசை மாத்தி அலையோரம் வச்சாங்க. வத்தம், கடல் தண்ணி இறங்கிப் பின்னால போற நேரம், தண்ணி தொட்டதும் எழுத்துங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, வரிசை கலையாம, மடவை மீன் போற மாதிரி வெளியே போச்சு. மிச்சம் கிடந்ததுங்களும் அதுங்க பின்னாலேயே நகந்து போயிடுச்சு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னோம். போச்சு, கண்ணுக்குத் தெரியாத தூரம் போச்சு.

அப்புறம் தையலு எங்க பக்கம் திரும்பினா.

"அவளுக்கு நான் சொல்லிட்டேன். எனக்கு யாரு சொல்லுவா?"

அவ ஒரு அடி முன்னால வந்தா.

"சொல்லுங்க. நாப்பது நாளாச் சொல்லச் சொல்ல அடிக்க வந்தேன்ல, இப்ப அடிக்க மாட்டேன். யாராவது ஒருத்தரு சொல்லுங்க. மாமா, நீங்க சொல்லுங்க. பூசாரி ஐயா, நீங்க சொல்லுங்க. அவரு போயிட்டாருன்னு சொல்லுங்க. பாத்தேன்னு சொல்லுங்க."

நாட்டாரு மேல்துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு. நாப்பது நாளா சந்துல பொந்துல அதையே பேசின வாயெல்லாம் பூட்டிக்கிச்சு. அவ ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டே வர்றா, பாத்து முடிச்சுக் கடைசியில என்கிட்ட வந்து நிக்கிறா.

நான் சொன்னேன். "போயிட்டான்டி. நான் பாத்தேன்."

எங்கே பாத்தேன்னு அவ கேக்கல. என் மேல சாஞ்சா. முதல்ல சத்தமே வரல, அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு சத்தம், நாப்பது நாள் அடைச்சு வச்ச சத்தம், செம்பாயி புள்ளை கூட அழுகையை நிறுத்திட்டுப் பாத்துச்சு. அழுது முடிஞ்சதும் தாலியை அவளே கழட்டி என் கையில குடுத்தா. நீலச்சட்டையைக் கொளுத்தினோம். சாயங்காலம் நான் பிசைஞ்சு ஊட்ட மூணு வாய் தின்னா, தின்னு முடிக்கிறதுக்குள்ள தூங்கிட்டா, மறுநாள் உச்சிப்பொழுது வரைக்கும் தூங்கினா.

மூணு வருஷம் ஆச்சு. தையலு இப்போ கருவாடு போடுறா, சிரிக்கக்கூடச் சிரிக்கிறா. டாக்டரும் சாமியம்மாவும் மாசத்துக்கு ஒரு தடவை ஒண்ணா வந்து கரையில உக்காந்து மணல்ல எழுதிக்கிட்டிருந்துட்டுப் போவாங்க. அந்தப் பொம்பளைக்குப் பதில் போயிச் சேந்துச்சான்னு தெரியாது. நான் கூறு போடுறதில்ல, என்னை யாரும் கூப்பிடுறதும் இல்ல.

நான் எதையும் பாக்கல. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நான் ஒண்ணுமே பாக்கல. சிங்காரவேலு செத்தானா இருக்கானான்னு எனக்குத் தெரியாது. அவ வீட்டுல வெளக்கை அணைச்சுப் படுத்துத் தூங்கிடுறா. எனக்குத்தான் சோறு இறங்க மாட்டேங்குது. விடிஞ்சா கரைக்குப் போயி நிக்கிறேன், இருட்டினதும் வர்றேன்.